நான்காம் கணினி

கோத்தகிரி பஸ் நிலையத்துக்குப் பின்னால்
என் கடை. நான்கு கணினிகள்.
மூன்றுக்கு வயசாகிறது.
நான்காவதற்கு மட்டும் உள்ளே
ஒன்பது வருஷமாய் ஒரே நாள்:
ஆகஸ்ட் பதினேழு, புதன், சாயங்காலம்.

கோவையிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான்.
துடைத்தான், தமிழ் எழுத்துரு ஏற்றினான்,
பிரின்டரை அறிமுகம் செய்து வைத்தான்,
பிறகு உறைய வைத்தான்.
“இனி யாரு என்ன பண்ணாலும், அக்கா,
அணைச்சுப் போட்டா இதே நாள்தான்.”
லைசன்ஸ் ஒன்றுக்குத்தான் காசு இருந்தது.

அதிலிருந்து
பென் டிரைவோடு வரும் யாரையும்
நான்காவதில்தான் உட்கார வைக்கிறேன்.
நாற்பத்தாறு வைரஸோடு
பிளஸ் டூ பையன் ஒருவன் வந்தான்,
திரை பச்சையாகி, சிவப்பாகி,
ஒரு மண்டை ஓடு சிரித்தது.
அணைத்தேன். போட்டேன்.
ஒன்றுமே நடக்கவில்லை
என்று முகத்தை வைத்துக்கொண்டது.
ஆனால் தினமும் காலையில்
அதே பழைய அப்டேட்டைப் போடட்டுமா என்று
முதல் தடவை போலவே கேட்கும்.
‘பிறகு’ என்பேன்.
என்னிடம் அது இதுவரை
கோபித்துக்கொண்டதில்லை.

ஜூன் மழையில் செல்வநாயகி அம்மாள் வந்தார்.
லைன் வீட்டுக்குப் பட்டா கேட்டு மனு.
அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.
மன்னாரில் ஏறிய கப்பல், மண்டபம் முகாம்,
முதல் கவ்வாத்துக் கத்தி, எல்லாம்.
இரண்டரைப் பக்கம் வந்தபோது
எங்கோ கற்பூர மரம் கம்பியில் விழுந்தது.
யூபிஎஸ் மூன்று முறை கத்திவிட்டு
கையை விரித்தது.

டி டிரைவில் போட்டிருக்க வேண்டும்.
அது ஒன்றுதான் உறையாத இடம்.
தெரிந்தும் போடவில்லை, என் தப்பு.
அம்மாள் திட்டவில்லை.
ஈரக் குடையை மறுபடி மூலையில் சாத்திவிட்டு
முதலிலிருந்து சொன்னார்.
இரண்டாம் முறை
கணவர் பெயர் வரவில்லை.
நானும் கேட்கவில்லை.

அந்த மழையில்தான்
குஞ்சப்பனை வளைவில் ரோடு சரிந்தது.
ஜேசிபி நாலு நாள் அள்ளியது.
ரோடு வந்தது.
டிரைவர்கள் இன்னமும் அந்த இடத்தில்
பழைய வளைவை ஒடிக்கப் போய்
கையை இழுத்துக்கொள்கிறார்கள்.

போஜனைச் சொல்ல மறந்துவிட்டேன்.

உறைய வைத்த அந்தப் புதன்கிழமை
திரையில் ஒரு கோப்பை எடுக்க மறந்துவிட்டான் பையன்.
பாஸ்போர்ட் அளவுப் படம்.
நெடுகுளா போஜன்,
கண்டக்டர் வேலைக்கு மனுப் போட எடுத்தது.
எண்ணெய் வைத்து வாரிய தலை,
கடையின் பொதுக் கோட்டு,
தோளில் ஒரு விரல்கடை பெரிசு.
வருகிறவர்கள் எல்லோரும் அவரை அழிக்கிறார்கள்.
முதல் மாதம் நானும்
வாசல் கூட்டுவது மாதிரி
தினம் அழித்துப் பார்த்தேன்.
மறுநாள் அதே மூலையில்
அதே கோட்டோடு நிற்பார்.
முழுசாய் எடுக்கவும் வழி உண்டு.
கடவுச்சொல் கல்லாப் பெட்டியில் இருக்கிறது.
உறைவை நீக்கி, அழித்து, திரும்ப உறைய வைக்க
அரை மணி ஆகும். எங்கே நேரம்?

போன ஜனவரியில் அவரே வந்தார்.
பனி கருக்கிய கொழுந்துக்கு
நிவாரணம் பதிய வேண்டுமாம்.
மற்ற மூன்றிலும் ஆள் இருந்தது.
உட்கார்ந்தவர் திரையைப் பார்த்து
“இது யாரு?” என்றார்.
விளையாடுகிறார் என்று நினைத்தேன்.
கொஞ்சம் பொறுத்து,
“கோட்டு உங்களுதுதானே?”

“வேலை கெடச்சுதாண்ணா?”
“அந்த வருஷம் ஆளே எடுக்கலியே.”

கல்லாவைத் திறந்து சீட்டைத் தேடினேன்.
அரை மணிதான், எடுத்துடறேன் என்றேன்.
தலையில் கட்டிய மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டு
“வேண்டாம். அவன் இன்னும்
மனுவே போடலே” என்றார்.

பதிவு முடிந்தது. ரசீது வந்தது.
எழுந்திருக்கும் முன் மவுஸைப் பிடித்து
தன்னைத் தானே இழுத்துப் போய்
குப்பைத் தொட்டியில் போட்டார்.
“நாளைக்கும் வருவானா?”

“ஒன்பதரைக்கு வந்துருவாரு.
கரன்ட் இருந்தா.”